ரத்தத்தின் மேல் பால்

மேல் டிவிஷன் லயம்,
கோலா சிலாங்கூர்.
4.3.1984

அன்புள்ள சேது அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுத வரவில்லை.

சித்தப்பாவை வெட்டிக் கொன்ற வழக்கில் பெரியண்ணனைப் பிடித்துவிட்டார்கள். வீட்டுப் பின்பக்க ஆணியில் தொங்கிய அவருடைய ரப்பர் பால்வெட்டுச் சட்டையில் ரத்தம். "சட்டை என்னோடது. செஞ்சதும் நாந்தான்" என்றாராம். தூக்கு என்று தெரிந்தே சொன்னார். தலை குனியவில்லை.

அது முனியாண்டி கோயில் கிடா ரத்தமாக இருக்கக் கூடாதா? நீங்கள் வேதியியல் படிக்கிறீர்கள். சொல்லுங்கள்.

தங்கை,
லீலாவதி

கோலாலம்பூர்
11.3.1984

அன்பு லீலாவுக்கு,

வக்கீல் சோதனை அறிக்கையைக் காட்டினார். கிடா இல்லை. மனித ரத்தம். சித்தப்பாவின் ரத்தப் பிரிவு. அந்தப் பிரிவு ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு என்று வாதாடினேன். "ஒப்புக்கிட்டானேப்பா" என்றார்.

ஒரு வரியை அவர் தாண்டிப் போனார். ரத்தக் கறை கீழே. காய்ந்த ரப்பர் பால் அதன் மேலே. சித்தப்பாவை வெட்டியவர் அதே சட்டையோடு போய் ரப்பர் மரத்தில் பாலும் வெட்டியிருக்கிறார்.

அன்று விடிகாலையில்தான் சித்தப்பா விழுந்தார். தோட்டத்துப் பதிவில் பெரியண்ணன் வேலைக்கு வந்ததாக இருக்கிறது. உண்மையில் வந்தது யார்?

சேது

மேல் டிவிஷன்
15.3.1984

அண்ணா,

தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.

பெரியண்ணன் அன்று ஜெராமில், மாமியார் வீட்டில். ஆள் வராவிட்டால், வேலை வாங்கும் மண்டோர் அந்த நிரை மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதனால் வீட்டில் ஒருவர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போய், பெயர் கூப்பிடும்போது கை தூக்குவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மண்டோரும் கண்டுகொள்ள மாட்டார். இப்போது லயத்து வரிசை வீடுகளில் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று போனது அப்பா.

சித்தப்பா அடித்த அடியில் சின்னம்மாவின் முகம் இன்னும் வீங்கியிருக்கிறது. பெரியண்ணன் நிற்கிற நிலையைப் பார்த்து லயமே பெருமைப்படுகிறது. நானும்தான். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

லீலா

கோலாலம்பூர்
20.3.1984

லீலா,

எனக்கும் பெருமைதான். ஆனால் தூக்குக்கு யார் போவது என்று முடிவு செய்ய நீயும் நானும் யார்? அறிக்கையின் அந்த வரியை இத்துடன் எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டு. நான்தான் அனுப்பினேன் என்று சொல்.



சேது

மேல் டிவிஷன்
29.3.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பாலு மேல இருக்குன்னு எப்புடிக் கண்டானுங்க?"

"பூதக் கண்ணாடில பாப்பாங்களாம்பா."

"சேதுவா சொன்னான்?"

"ஆமாப்பா."

மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். "எனக்காகப் பெரியவன் நிக்கிறானேன்னு பூரிச்சுப் போயிக் கெடந்தேன். புள்ளையப் பெத்தவன் செய்ற வேலையாலா இது?" என்றார். தீபாவளி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் நானும் கூடப் போனேன்.

போலீஸ் ஸ்டேசனில் கார்ப்பரல் எழுத எழுத, நடந்ததைச் சொன்னார். குரல் உடையவில்லை. கார்ப்பரல் பேனாவை மூடும்போது அப்பா தடுத்தார்.

"இன்னொண்ணையும் எழுதிக்குங்க. இதக் கண்டுபிடிச்சது எம் மகன். யூனிவர்சிட்டில படிக்கிறான்."

கார்ப்பரல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பெரியண்ணன் வந்துவிடுவார் என்று வக்கீல் சொல்கிறார். வந்தால் உங்களிடம் பேசுவாரா, தெரியாது.

உள்ளே கூட்டிப் போகும்போது அப்பா திரும்பினார். "பரீட்சைய விட்டுப்புட்டு ஓடியார வேணாம்னு அவனுக்கு எழுதிடு."

எழுதிவிட்டேன்.

லீலாவதி