வெர்னர் அங்கிள் எந்தப் பக்கம்?

கேட்டி, டெக்ஸாஸ், 12 நவம்பர் 1997, புதன்

இன்று பியானோ வகுப்பில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஹெல்கா டீச்சருக்குத் தன் அப்பா யாரென்று தெரியாது. ஜெர்மனியில் அவருடைய ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் இல்லை. பல வருடங்களாக அங்குள்ள தேவாலயங்களுக்கு எழுதிக் கேட்கிறார். குடும்ப மரத்தைப் பெரிய தாளில் வரைந்து பியானோவுக்கு மேல் மாட்டியிருக்கிறார்.

சின்ன வயதில் அவரையும் அவர் அம்மாவையும் டெக்ஸாஸுக்கு அழைத்து வந்தவர் வெர்னர் அங்கிள். இப்போதும் அவர்தான் வந்து டீச்சர் வீட்டுப் புல்லை வெட்டுகிறார். இன்றும், "இன்னும் எதுக்குத் தேடிட்டிருக்கே? விட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் உங்க அம்மா பக்கமா, அப்பா பக்கமா?" என்று டீச்சரைக் கேட்டேன். எங்கள் வீட்டில் யாரைப் பற்றியும் முதலில் கேட்பது அதைத்தான்.

"அம்மா பக்கம்" என்றார் உடனே.

தாளைப் பார்த்தேன். அவர் அம்மா ஒரே பிள்ளை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சும்மா அப்படிக் கூப்பிடறதுதான். நீங்க எல்லாரையும் அங்கிள்னு கூப்பிடலையா?"

வகுப்பைப் பாதியிலேயே முடித்துவிட்டார். காரில் அம்மாவிடம் சொன்னேன். "அவங்க அப்பாவைப் பத்தி உனக்கென்னடி ஆராய்ச்சி? ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணு" என்றாள்.

வாசலில் டீச்சர் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. "வெர்னர்கிட்ட இதைக் கேட்டுடாதே" என்றார். ஊர் ஊராக எழுதுகிறவர், அவரை மட்டும் கேட்டதே இல்லை போலிருக்கிறது. வேறு யாருடைய பெயராவது கிடைத்துவிடாதா என்றுதான் தேடுகிறாரோ?