லாபம், ரெண்டு, மூணு

18 பிப்ரவரி 1956, சனி

காலையில் பனி. வெட்கக்கேட்டை முதலில் எழுதித் தொலைக்கிறேன்: இன்று அந்தியில் பாகூர்க் கடைத்தெருவில் வேட்டியில்லாமல் ஓடினேன். கோவணம் இருந்தது. மானம் அந்த அகலத்துக்கு மிச்சம்.

விழாவுக்காகக் கதவுக்குக் கதவு மாவிலை கட்டிக்கொண்டு வந்தேன். மவுனசாமியின் அரிசிக்கடை. ஐப்பசியில் அவன் செத்ததிலிருந்து பூட்டு. உள்ளே தானியம் சரியும் சத்தம். பிறகு தாழ்ந்த குரல்: "லாபம்... ரெண்டு... மூணு..."

ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று எண்ணத் தொடங்குவது எல்லா அளவுகாரர்களும் செய்வதுதான். ஆனால் அந்த 'லா'வை அப்படி இழுக்கிறவன் ஒருவன்தான். வேட்டி கதவு ஆணியில் மாட்டிக்கொண்டது. நான் நிற்கவில்லை.

வீட்டுக்காரி: "இன்னாய்யா இது கோலம்? வேட்டி எங்க?"

"சலவைக்குப் போட்டேன்."

"தெருவுலியா?"

19, ஞாயிறு

விழாக் கூட்டம். பிரெஞ்சுக்காரன் போய்ச் சுங்கச்சாவடியை எடுத்தபிறகு கடலூர்க்காரன் சாமான் வாங்க இங்கே வருவதில்லை. நம் ஆட்களே பஸ் ஏறி அங்கே போகிறார்கள். என் சோடாக்கடையில் ஈகூட நிற்பதில்லை. அதற்குத்தான் மூன்று நாள் தோரணம், நாயனம், எல்லாக் கடையிலும் விலைக்குறைப்பு. யோசனை என்னுடையது, ஆகவே வேலையும் என் தலையில்.

பாக்கி: நாயனக்காரர். காஸ் லைட். என் வேட்டி.

தையல்கார வேணு, எல்லார் முன்னாலும்: "அண்ணே, மவுனசாமி ஒங்க துணிய அளவுக்கு எடுத்துகினான் போல. நான் புதுசு தெக்கவா?"

சிரிப்பு அடங்கியதும், கடைகளை வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடக்காரர் சொன்னார்: "வெள்ளிக்கெழம விழா ஆரம்பிக்கறப்ப அந்தக் கதவு மூடியிருந்தா, கடைய புகையில வியாபாரிக்கு வுட்டுருவேன்." மவுனசாமி பெண்டாட்டி கோவிந்தம்மாவுக்கு அந்தக் கடையை விட்டால் பிழைப்பில்லை. எல்லாரும் தோரணக் கணக்குக்குத் திரும்பினார்கள். நானும். அவள் ஊரில் இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. துக்க வீட்டை யார் எட்டிப் பார்த்தோம்?

சோடா பாட்டிலில் கோலி உருண்டால் எண்ணத் தோன்றுகிறது. லாபம்...

21, செவ்வாய்

மேகம். மழை இல்லை. அந்தியில் மறுபடி அதே குரல். இம்முறை வேணுவும் கேட்டான். கேலி போன இடம் தெரியவில்லை.

"நீங்க முன்னால போங்கண்ணே. ஒங்களத்தான் அவனுக்குப் பழக்கம்."

பூட்டு திறந்து தொங்கியது. தள்ளினேன்.

அரிக்கேன் விளக்கு. நெல் குவியல். கையில் மரக்கால், தலையெல்லாம் உமி, கோவிந்தம்மா.

"கதவ சாத்துங்கண்ணா! பொம்பள அளக்கறான்னு சிரிப்பாங்க."

வெள்ளிக்கிழமை கடை திறக்கப் பழகுகிறாளாம். "அவரு அளந்தா கோபுரமா நிக்கும். எனக்கு சரிஞ்சிடுது. அவர மாதிரியே இழுத்து சொன்னாத்தான் கை நிக்குது."

சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உமித் தூசி என்றேன். வேட்டியை மடித்து வைத்திருந்தாள்.

24, வெள்ளி

விழா. நாயனக்காரருக்குத் தடுமம், ஆனாலும் ஊதினார். கோவிந்தம்மா கதவைத் திறந்தாள்.

கட்டடக்காரர்: "சாவு வூடு. வருஷம் திரும்பலியே, விழாவுல கலக்கலாமா?"

"வயிறு வருஷம் பாக்குமாண்ணா?"

அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் அவரே முதல் அளவு வாங்கினார். பேய் அளந்த கடை என்று வேணு ஊதிவிட்டிருந்ததால் கடலோரம் நல்லவாடு கிராமத்திலிருந்துகூடக் கூட்டம். பயத்தில் தொண்டை வறண்டவர்களுக்கு எதிரே என் சோடா. மாலைக்குள் பாட்டில் காலி. கடை அவளுக்கே.

25, சனி

வெயில். கோவிந்தம்மாவின் அண்ணன் உறுவையாறு கிராமத்திலிருந்து வண்டியில் அரிசி மூட்டை கொண்டுவந்தார். சோடா உடைத்துக் கொடுத்து, போன சனிக்கிழமை உள்ளே அவள் அளக்க, வெளியே நான் வேட்டியை விட்டு ஓடிய கதையைக் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்துச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை.

"சனிக்கெழமயா? தங்கச்சிய நான் திங்கக்கெழமதான கொண்டாந்து வுட்டேன். அதுவரிக்கும் கட சாவி என் இடுப்புலதான் கெடந்துது."