ஒரே நேரத்தில் சேரும் இரண்டு முனைகள்

பேராதனை,
14.7.1975

அன்புள்ள அத்தானுக்கு,

தலைமன்னாரில் நீங்கள் கப்பலேறியதிலிருந்து இங்கே மழை விடவில்லை. ஹந்தானை மலையே தெரியவில்லை. பிலிமத்தலாவையில் அப்பா தினமும் கடையைத் திறக்கிறார், வியாபாரம்தான் மந்தம். எனக்குச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. திருச்சியில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நம் பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். இரண்டு மூலக்கூறுகளும் வளையமாகும்போது முதலில் ஒரு முனையில் சேர்ந்து, மறுமுனையில் பிறகு ஆறுதலாகச் சேரும் என்றீர்கள். இரண்டு முனையும் ஒரே நேரத்தில்தான் சேரும் என்றேன் நான். வெப்பநிலையை மாற்றி மாற்றி, அவை சேரும் தாக்கவேகத்தை அளந்து முடித்தேன். சேரும் கணத்தில் மூலக்கூறுகளின் சுதந்திரம் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் ஏவல் எந்திரப்பி பூச்சியத்துக்கு வெகு கீழே இறங்கி நிற்கிறது. ஒரு முனை மட்டும் தொடுவதென்றால் இவ்வளவு சுதந்திரத்தை இழக்கத் தேவையில்லை. இரண்டும் நேருக்கு நேர் வந்து, அசைய இடமில்லாமல் ஒழுங்காக நின்றால்தான் வளையம் மூடுகிறது. இது சான்றுதான், தீர்ப்பு அல்ல என்றார் பேராசிரியர். தோற்றவர் கன்டீனில் தேநீர் வாங்கித்தர வேண்டுமல்லவா? நானே வாங்கினேன்.

நம் கல்யாணத்தையும் நீங்கள் அப்படித்தான் பிரித்தீர்கள். கண்டிக் கோவிலில் தாலி இப்போது, பதிவு பிறகு. பதிந்தால் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பும் உங்கள் குடும்பப் பாஸ்போர்ட்டில் என் பெயரும் ஏறிவிடும், நானும் கூடவே கப்பலேற வேண்டிவரும், ஆராய்ச்சி பாதியில் நிற்கும் என்றீர்கள். என் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். இன்று எந்த அரசாங்கக் கந்தோரிலும் நான் உங்களுக்கு யாருமில்லை. அங்கே வர விசா கேட்டுப் போனால், புருஷன் என்று காட்ட என்ன இருக்கிறது என்கிறார்கள். கழுத்தைக் காட்டினேன்.

போன வாரம் உங்கள் அம்மாவிடமிருந்து கடிதம். சேதுவுக்கு அத்தை மகளைப் பேசி முடிச்சாச்சு, எத்தனை நாளைக்குத் தனியா இருப்பான், பதியாத கல்யாணந்தானே, நீயும் ஒனக்கு ஒரு வழி பாத்துக்க என்று எழுதியிருக்கிறார். ஆய்வுகூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், அத்தான். அதையும் நான் சான்றாகத்தான் வைத்திருக்கிறேன். அதில் உங்கள் கையெழுத்து இல்லை.

பொய்யென்றால் ஒரு தடவை வந்து போங்கள். பதிந்துவிட்டு உங்களோடு கப்பலேறுகிறேன், ஆராய்ச்சி கிடக்கட்டும். உண்மையென்றால், என் மனம் நோகுமென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லாதீர்கள். ஒரே வரியில் முழுவதையும் எழுதிவிடுங்கள்.

அங்கே வெயில் கடுமையாம். குடையில்லாமல் வெளியே போகாதீர்கள். கதிர்காமத்தான் உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும்.

உங்கள் பதில் வந்து சேரும்வரையிலாவது
உங்கள் மனைவி,
யசோதா