குளிர்ந்த இன்ஜினுக்கான எண்

ஜனவரி 5, திங்கள்
கல்லூரியிலிருந்து வந்ததும் லேப்டாப்பில், எந்த வேகத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் அட்டவணையைத் திறந்தேன். எங்கள் காரின் 1300 சிசி இன்ஜினைக் கடைந்து, கிராங்க் மாற்றி, 1500 ஆக்கி வைத்துவிட்டுத்தான் ஜெயபிரகாஷ் வீட்டை விட்டுப் போனார். கொள்ளளவு கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எல்லாக் கட்டங்களையும் 1.15-ஆல் பெருக்கினேன். அதை அப்படியே நம்பிவிட மாட்டேன். ஓட்டிப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

கார் அவருக்கு என்று விவாகரத்து மனுவிலேயே இருக்கிறது. பிப்ரவரி 13 கடைசி வாய்தா.

ஜனவரி 11
அவர் ஓட்ட, நான் மடியில் லேப்டாப்புடன், சங்ககிரியிலிருந்து சேலம் வரை.

"மூவாயிரம் சுத்துல இழுக்க மாட்டேங்குது."

"இப்பப் பாருங்க."

"ஆ… அப்படி வா!"

போக வர எண்பது கிலோமீட்டர். வாய் ஓயவில்லை. வீட்டு வாசலில் சொன்னார்: "உன்னோட பேசறதுக்கு ஒரு இன்ஜின் வேண்டியிருக்குது, பிரபா."

சூடு எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 12
ஓடும் கட்டங்கள் முடிந்தன. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் கட்டம்தான் பாக்கி. ஒருமுறை கிளப்பினால் சூடாகிவிடும். அடுத்த முயற்சி மறுநாள்தான். ஒரு நாளைக்கு ஒன்று. அவர் ராசிபுரத்தில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். முதல் பஸ்ஸில் வருகிறாராம். "சத்தத்த நான் கேக்கோணும்."

ஜனவரி 15
பொங்கலன்றும் வந்தார். 20 டிகிரி. கிளப்பும் பெட்ரோலுக்கு 130 சதவீதம் போட்டிருந்தேன், பற்றவில்லை. அவர் போனபின் லேப்டாப்பில் பதிவைப் பார்த்தேன். வேண்டியது 142. சந்தேகமே இல்லை.

136 போட்டு மூடினேன். எதற்கு?

ஜனவரி 21
இருமி நின்றது. காபி குடித்தார். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், வண்டிக்குச் சளியா? அண்ணன் வார நேரம் பாத்து இருமுதே!" என்றாள். அவர் சிரித்தார்.

ஜனவரி 27
138. 134. மறுபடி 138. என் மாணவர்கள் இப்படிச் செய்தால் பூஜ்யம் போடுவேன்.

பிப்ரவரி 3
செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு 142 போட்டுரு, பிரபா."

எப்படித் தெரியும் என்றேன்.

"இன்னும் பன்னெண்டு வேணும்னு பொங்கலன்னைக்கே காதுல தெரிஞ்சுதே."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"நீ ஏதாச்சும் சொல்லுவியோன்னு."

இருபத்திரண்டு காலை. நான் என்ன சொன்னேன்? டிகிரி சொன்னேன் — எண்ணு சொன்னேன். போகாதீங்கன்னு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, ஏன் வர மாட்டேங்குது எனக்கு?

பிப்ரவரி 4
142. ஒரே சுற்றில் பிடித்தது.

"அஞ்சு நிமிசம் சூடாகட்டுமுங்க, அப்புறம் எடுங்க" என்றேன். கதவில் கை வைத்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடமும் நின்றார். சூடு காட்டும் முள் ஏறுவதையே பார்த்தேன். பிறகு எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 8
ஐந்தரைக்கே விழிப்பு. பால் இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி
சம்மதமா என்று நீதிபதி கேட்டார். ஜெயபிரகாஷ் என் பக்கம் திரும்பினார். "சம்மதமுங்க" என்றேன், சத்தம் பத்தவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் கார். அவர் சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்தது. மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது. இன்ஜினில் இன்னும் 45 டிகிரி சூடு இருக்கும்.