குட்டிக் கட்டிலைப் பார்த்துச் சிரித்துவிடாதே

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, சித்தப்பா, நான், மெஷின் ஆகிய ஐவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் உன் வயிற்றுக்குள்ளிருந்து உதைக்கிறவரும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். இது அம்மாவின் கடிதம்தான். ஆனால் அம்மாவின் கண்ணாடியை அப்பா போட்டுக்கொண்டு திரிகிறார், அவருடைய கண்ணாடி மெஷின் வந்த அன்றே உடைந்துவிட்டது, அதனால் பேனா என்னுடையது, பயமும் என்னுடையது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, “எழுதுடி, உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரும் தொலைஞ்சோம்” என்று ஆரம்பித்துப் பாதிவரை சொன்னாள், அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மீதியை நானே எழுதுகிறேன். அப்பா கூடத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன், எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் அந்த இடத்தில் அப்பா இருமினார் என்று புரிந்துகொள்.

அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து எப்படி இருந்தார் என்று அம்மா உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க ரயிலில் ஏறி இறங்கி எல்லோருடைய டிக்கெட்டிலும் ஓட்டை போட்டவர், ஓட்டை போட ஒன்றும் இல்லாமல் போனதும் தவித்துப்போனார். முதலில் என்னை வாசலில் நிறுத்தி எங்கே ஏறினாய், எங்கே இறங்கினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார், அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. உனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்ற செய்தி வந்த மறுநாள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போனார். மூடிப்போன ஒரு நாற்காலிப் பட்டறையிலிருந்து இந்த மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் வந்து இறங்கினார்கள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டாள். “பேரப்பிள்ளைக்குக் கட்டில் செய்யணும். கட்டிலுக்குச் சுத்திலும் குச்சி வேணும், ஒவ்வொரு குச்சிக்கும் மேலயும் கீழயும் சதுர ஓட்டை வேணும். ஓட்டைன்னா நான்தானே?” என்றார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எங்கள் எல்லோரையும் மெஷின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். நான் கையை வைக்காமல் மேலே பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குப் பாவம் இல்லை.

மெஷினைப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கி நின்றபடி தூங்குவதுபோல் இருக்கும், உடம்பெல்லாம் துரு. பக்கவாட்டில் நீளமான கைப்பிடி, அதை இழுத்தால் தலை கீழே இறங்கும். வட்டமாகச் சுற்றித் துளைக்கிற இரும்புப் பிட்டு எப்படிச் சதுர ஓட்டை போடும் என்று கேட்டேன். குழாய்போல் உள்ளே கூடாக இருக்கும் சதுர உளிக்குள் பிட்டு சுழலுமாம், பிட்டு நடுவைக் குடைய, உளி நாலு மூலையையும் சீவிக்கொண்டே இறங்குமாம். அப்பா இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கூடவே சித்தப்பாவும் நிபுணர் ஆகிவிட்டார். தையல்காரருக்கு இதில் என்ன வேலை என்று அம்மா கேட்டதற்கு, “ஏன் அண்ணி, அதுலயும் ஊசி ஏறி இறங்குது, இதுலயும் ஏறி இறங்குது. இது கொஞ்சம் கோவக்கார ஊசி, அவ்வளவுதான்” என்றார். தையல் மெஷின் எண்ணெயைத் தலைமுதல் கால்வரை தேய்த்து அதைக் குளிப்பாட்டினார். பிட்டுக்கும் உளிக்கும் நடுவே இடைவெளி விட வேண்டுமோ என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. “இடைவெளி விட்டா தையல் விட்டுப்போகும்ணா” என்று சித்தப்பா இரண்டையும் ஒட்ட வைத்து இறுக்கினார். சுவிட்சைப் போட்டு அப்பா கைப்பிடியை இழுத்தாரோ இல்லையோ, பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு கூச்சல், அப்புறம் கூடம் முழுக்கப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டு நர்ஸக்கா வாளித் தண்ணீரோடு ஓடிவந்து சித்தப்பா மேல் ஊற்றிவிட்டாள். என் மேல் ஏன் ஊற்றினாய் என்று அவர் கேட்டதற்கு, “புகையில எது எரியுதுன்னே தெரியலை, நீங்கதான் அதிகமா கத்தினீங்க” என்றாள்.

அன்றைக்கு முழுக்க அப்பா சாப்பிடவில்லை, மெஷினையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தன் பழைய பெட்டியிலிருந்து அட்டை டிக்கெட் இரண்டை எடுத்தார். உளியின் தோளுக்கும் மெஷினின் வாய்க்கும் நடுவே அவற்றைச் செருகி, பிட்டை மேலே முட்டும்வரை தள்ளி இறுக்கினார். டிக்கெட்டை உருவிவிட்டு உளியை மேலேற்றி முடுக்கியதும் பிட்டின் மூக்கு மட்டும் டிக்கெட் கனத்துக்கு இடைவெளி விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் அக்கா, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது, சுருள் சுருளாக மரத்தூள் கொட்டியது. அப்பா அந்த முதல் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுவிட்டு எடுக்கவே மனமில்லாமல் நின்றார்.

ஆனால் உளியை மேலே தூக்கினால் மரமும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. மரத்தை அமுக்கிப் பிடிக்கும் கொக்கி ஒன்று மெஷினில் இருக்க வேண்டுமாம், அது எப்போதோ தொலைந்துவிட்டதாம். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, “சுண்டு, இங்க வந்து உக்காரு” என்றார். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையோடு மரத்தின் கோடியில் உட்காருவதுதான் என் வேலை. ஒவ்வோர் ஓட்டைக்கும் மரத்தோடு ஒருமுறை எழும்பி, தொப்பென்று இறங்குவேன். புவியியல் பாடத்தை இப்படித்தான் படித்து முடித்தேன், எரிமலை வெடித்தபோது உண்மையிலேயே எழும்பினேன். என் எடை போதவில்லை என்று பின்னால் சித்தப்பாவையும் உட்கார வைத்தார்கள். அவர் அங்கே உட்கார்ந்தே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார்.

இப்போது அம்மா முக்கியமாகச் சொன்ன விஷயம். உளி, மரத்தைச் சாய்த்து வைக்கப் பின்னால் இருக்கும் தடுப்பு இரும்புக்கு நேராக நிற்க வேண்டும். சித்தப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஜன்னலுக்கு நேராக இருக்கிறது, போதும் என்று சொல்லிவிட்டார். நம் கூடத்து ஜன்னலே கோணல், அதைச் சாத்தக் காலால் உதைக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். அதனால் எல்லா ஓட்டையும் துளி திரும்பிவிட்டது. வீதியில் சண்டை நடந்தால் வேடிக்கை பார்க்கும் கூட்டம்போல, கட்டிலின் குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. காற்று நன்றாக வரும் என்கிறார் சித்தப்பா. நர்ஸக்கா கட்டிலைப் பார்க்கும்போது அவள் கழுத்தும் அந்தப் பக்கம் சாய்கிறது. அப்பா மட்டும்தான் நேராக நின்று பார்க்கிறார். அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பலத்தில் குறையில்லை, சித்தப்பாவை உள்ளே உட்கார வைத்துப் பார்த்துவிட்டோம், அவரை வெளியே எடுக்கத்தான் பாடுபட்டோம்.

அடுத்த வாரம் லாரியில் இந்தக் கட்டில் உன்னிடம் வரப்போகிறது. நீ தொழிற்சாலையில் கோணல் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்கிறவள், பார்த்த உடனே சிரிப்பாய். அதைத்தான் அம்மா வேண்டாம் என்கிறாள். போன தடவை வந்தபோது அப்பா செய்த முக்காலியில் நீ கோலிக்குண்டை வைத்தாய், அது தானாக உருண்டு ஓடியது, விக்கல் வரும்வரை சிரித்தாய். அப்பாவும் கூடச் சிரித்தார், அதனால் உனக்குத் தெரியாது. நீ ரயில் ஏறியதும் முக்காலியையும் உளிகளையும் பரண்மேல் போட்டுவிட்டு மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இந்தத் தடவை மெஷினையும் ஏறக்கட்டிவிட்டால் அப்புறம் அவரை எதைக் கொண்டும் எழுப்ப முடியாது என்று அம்மா சொன்னாள். அதனால் கட்டில் வந்ததும் முதலில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்க வேண்டியதை எல்லாம் சிரித்துத் தீர்த்துவிடு. அத்தானையும் சிரிக்க வை, அவரிடம் மிச்சம் இருந்தால் போனில் கேட்கும். முகம் கழுவிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு

அக்கா, அந்த வரி அப்படியே நிற்கட்டும். அந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா தண்ணீர் குடிக்க வந்திருந்தார். நான் கடிதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டேன். “எந்திரி” என்றார், மாட்டேன் என்றேன். “மரமா இருந்தாத்தான் நீ உக்காரணும், காகிதம் தானா மேல வராது, எந்திரி” என்றார். அம்மாவின் கண்ணாடியை மூக்கில் தள்ளி நின்றபடியே முழுக்கப் படித்தார். அம்மா தூங்குவதுபோல் நடித்தாள் என்பதை அவள் ஒரு கண்ணைத் திறந்ததில் கண்டுபிடித்தேன். வாளித் தண்ணீர் வந்த இடத்தில் அப்பாவின் தோள் குலுங்கியது. முக்காலி வந்த இடத்தில் குலுங்கவில்லை. படித்து முடித்து, “கழுத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குதுன்னு சரியாத்தான் எழுதியிருக்கே. முதல் ஓட்டையிலயே எனக்குத் தெரியும்” என்றார். தெரிந்தும் ஏன் உளியை நேராக்கவில்லை என்று கேட்டேன். “ஒண்ணு திரும்பிடுச்சு. மத்ததை எல்லாம் நேரா வச்சா அந்தக் குச்சி மட்டும் தனியா நிக்கும் பாவம். அதான் எல்லாத்தையும் அது பக்கமே திருப்பிட்டேன்” என்றார்.

தண்ணீரைக் குடித்தார். பிறகு லாரியெல்லாம் வேண்டாம், கட்டில் இங்கேயே இருக்கட்டும் என்றார். “சிரிக்காதேன்னு ஏன் எழுதுறே? சிரிக்கட்டும். ஆனா அறைக்குள்ள போயும் சிரிக்க வேண்டாம், போன்லயும் சிரிக்க வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து, என் எதிர்ல நின்னு சிரிக்கணும். எத்தனை நாள் வேணும்னாலும் இருந்து சிரிக்கட்டும்.” கூடத்துக்குப் போனவர் திரும்பி வந்து, “இதையும் எழுது. ஆனா நான் சொன்னேன்னு எழுதாதே” என்றார்.

அதனால் அவர் சொன்னதாக நான் எழுதவில்லை, நீ வந்தால் போதும்.

ஆசி சொல்ல எனக்கு வயது போதாது, அம்மா கண்ணை மூடியபடியே சொல்கிறாள்: சுகப் பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். கனமானதைத் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, பசியோடு வேலைக்குப் போகாதே. லாரிக்காரரிடம் வர வேண்டாம் என்று சித்தப்பாவைச் சொல்லச் சொல்கிறேன், நீ பிள்ளையோடு வர மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(கை மட்டும் சுண்டு)