சளி எப்படி, தங்கச்சி?

இன்று காலை ரவாங்குக்குக் கிளம்பும்போது டோல் அட்டையைத் தேடி லோரியின் முன்பெட்டிக்குள் கையை விட்டேன். கையில் அகப்பட்டது உன் தைலப் புட்டி. மூடி தளர்ந்திருந்தது போலும், அந்தப் பச்சைத் தைலத்தின் காரம் லோரி முழுக்கப் பரவிவிட்டது. நீ போய் ஓர் ஆண்டுக்கு மேலாகிறது. லோரிக்கு டயர் மாற்றியாயிற்று, இருக்கை உறை மாற்றியாயிற்று. புட்டியை மட்டும் யாரும் எடுத்து எறியவில்லை.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மோட்டாரில் நின்றவர் தலைக்கவசத்தைத் திருப்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு எப்படிச் சொல்வது? உன்னிடம் சொல்ல வேண்டியதே ஒன்று பாக்கி இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் வணிகம் படித்தோம். கிள்ளானில் வெல்டிங் சாமான் கடை போடலாம் என்று நீ சொன்னபோது இருவர் வீட்டிலும் சிரித்தார்கள். இரண்டு பொம்பளைகளிடம் யார் வந்து கேஸ் தோங், அந்தக் கனத்த இரும்பு உருளை, வாங்குவான் என்றார்கள். வந்தார்கள். வந்தவர்களை நீ விடவில்லை. புது இயந்திரம் கொண்டுபோய் இறக்கினால் முதல் வெல்டிங் பற்று வைத்துப் பார்க்காமல் கிளம்ப மாட்டாய். "பெட்டிய எறக்கிட்டு ஓடுறதுக்கு நாம என்னா தபால்காரங்களா?" என்பாய். கோபமாக யாராவது போனில் கூப்பிட்டால் நீ முதலில் கேட்பது, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றுதான்.

"இது வெல்டிங் கடையா, சாப்பாட்டுக் கடையா?" என்று நான் கேலி செய்வேன்.

"பசியோட இருக்கிற ஆளுகிட்ட எது பேசினாலும் சண்டைதான் லா."

சிங்காரம் அண்ணன் கூப்பிட்ட அந்தக் காலையிலும் அப்படித்தான் கேட்டாய். சாலாக் செலாத்தானில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்யும் பட்டறைக்காரர். அது சில வருடங்களுக்கு முந்தைய தைப்பூச வாரம். அவர் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. அந்த நேர்த்திக்கடனுக்கு மகன் பத்துமலையில் காவடி எடுக்கிறான், காவடியின் கூட்டை ஸ்டெயின்லெஸ் குழாயில் அப்பாவே தன் கையால் செய்கிறார். வைக்கிற பற்றெல்லாம் கறுத்து, துளை துளையாகப் பொரிந்துபோனால் மனிதர் கத்தாமல் என்ன செய்வார்?

"பசியாறுறதா? என் மவன் தோள்ல ஏறுற காவடி இது! கேஸ்ல தண்ணியக் கலந்து குடுத்துட்டு பசியாறிட்டியான்னு கேக்குறியா? ஒரு பட்டறை பாக்கி இல்லாம சொல்லுவேன், இந்தக் கடையில வாங்காதீங்கன்னு!"

நீ போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாய். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "பின்னாடி பெரிய பேன் ஓடுற சத்தம் கேக்குது" என்றாய்.

எனக்கும் விளங்கிவிட்டது. வெல்டிங் நெருப்பைச் சுற்றி அந்த கேஸ் ஒரு போர்வை மாதிரி நிற்க வேண்டும். பேன் காற்று அடித்தால் போர்வை பறந்துவிடும், பற்று கறுத்துப்போகும். வெயில் தாங்காமல் பேனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கிற கதைதான்.

"அப்ப சொல்லேன், பேன நிறுத்தச் சொல்லி."

"கோவத்துல இருக்காரு. இப்ப சொன்னா சாக்கு சொல்றோம்னு நெனைப்பாரு. நேர்ல போவோம்."

டிரைவர் அன்று விடுப்பு. நீயே லோரியை எடுத்தாய். புது தோங் ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வானொலியோடு சேர்ந்து கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டே வந்தாய்.

பட்டறையில் மகனும் அவன் கூட்டாளிகளும் காவடிக் கூட்டைச் சுற்றி முகம் தொங்கி நின்றார்கள். நடுவில், ஓர் ஆள் உயரத்துக்கு, பளபளவென்று அந்த பேன். சிங்காரம் அண்ணனுக்கு அவ்வளவு கோபத்திலும் அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பாத்தியா தங்கச்சி? மவன் வாங்கிக் குடுத்தது. மொத சம்பளத்துல. அப்பா வேர்வையில நனையக் கூடாதாம்."

மகன் வெட்கத்தோடு தரையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். அடுத்த நொடி உன் முகம் கோணியது, மூக்கு சுருங்கியது, பட்டறையே அதிரும்படி ஒரு தும்மல். பொய்த் தும்மல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணே, ஒரே சளி. காத்து பட்டா ஆகல." பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து மூக்கில் தாராளமாகத் தடவினாய். கண்ணில் நிஜமாகவே நீர் கொட்டியது. மகன் ஓடிப்போய் பேனை நிறுத்தினான்.

பிறகு பழைய தோங்கைக் கழற்றி, புதியதை ஏதோ கும்பாபிஷேகம் மாதிரிப் பயபக்தியோடு மாட்டினாய். அண்ணன் முகமூடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பற்று வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது.

"பாத்தீங்களாடா! இது கேஸ்! அது தண்ணி!" என்று அவர் கத்த, கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

"சரிதாண்ணே. இனிமே நானே பாத்து எடுத்துட்டு வரேன்" என்றாய் நீ, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

திரும்பும் வழியெல்லாம் நான் பொருமினேன். பழைய தோங்கில் ஒரு குறையும் இல்லை, எதற்குப் பழியை நம் தலையில் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்றேன்.

"நம்ம பேரு கெட்டா நாளைக்கு இன்னொரு தோங் குடுத்துச் சரி பண்ணிக்கலாம்" என்றாய். "அந்தப் பையன் மொகம் வாடிப்போனா அதுக்கு சாமான் எந்தக் கடையில வாங்குறது?"

"அடுத்த வாரம் திரும்பவும் பேன் போடுவாரே?"

"திரும்பவும் தும்முவேன்."

நீ திரும்பத் தும்ம வேண்டியிருக்கவே இல்லை. அதன்பின் அவரிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. முருகன் பார்த்துக்கொண்டார் என்று நீ சொல்லிவிட்டாய். ஆனால் சாமான் கேட்டுக் கூப்பிடும்போதெல்லாம் அவர் மறக்காமல், "சளி எப்படி, தங்கச்சி?" என்று கேட்பார். நீ போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாய். "பாவம் லா, இன்னும் நம்பிக்கிட்டு இருக்காரு." அவரை ஏமாற்றியதில் உனக்குக் குழந்தை மாதிரி ஒரு குஷி.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது.

உன் காரியம் முடிந்த மறு வாரம் சிங்காரம் அண்ணன் கடைக்கு வந்தார். எப்போதும் போனிலேயே பேசுகிற மனிதர் நேரில் வந்து உன் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "அன்னிக்கு அந்தப் புள்ளைக்குச் சளியே இல்ல" என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

"நீங்க போன பிறகு மவன் பேன திரும்பப் போட்டான். அடுத்த பற்று கறுத்துருச்சு. புது தோங்குல! அப்பத்தான் மண்டையில ஏறிச்சு."

"என்னா பண்ணீங்க?"

"என்னா பண்றது? நானும் தும்மினேன். தங்கச்சிகிட்டேருந்து ஒட்டிக்கிச்சுடா, பேன வூட்டுக்குக் கொண்டுபோயி அம்மாவுக்கு வைன்னேன். இன்னிக்கும் அவ முன்னாடிதான் சுத்துது. அவனுக்கு இன்னும் தெரியாது."

"அப்புறம் ஏண்ணே இத்தன வருசமா சளி எப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நன்றிய வேற எப்படிச் சொல்றது லா? தெரியும்னு சொன்னா, அது அவ்வளவு நல்லா நடிச்சது வீணாப் போயிருமே."

இருவரும் சிரித்தோம். நீ போனபிறகு கடையில் கேட்ட முதல் சிரிப்பு அது. நீ அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தாய், அவர் உன் தும்மலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இது தெரிந்திருந்தால் நீ எப்படிச் சிரித்திருப்பாய் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தெரியாமல் போனதும் நல்லதுதானோ என்றும் தோன்றுகிறது. அந்தக் குஷி கடைசிவரை உன்னோடு இருந்ததே.

இன்று ரவாங்கில் புது வாடிக்கையாளர் ஒருவர். காலையில் போனில் கத்தினார், பின்னால் அதே பேன் உறுமல். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டேன். போய்ப் பார்த்தால், வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள், பேன் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றுகிறது. உன் புட்டியை எடுத்தேன். உனக்கு இருந்த நிதானம் எனக்கு ஏது? அளவு தெரியாமல் தடவிவிட்டேன். நடிக்க அவசியமே இல்லாமல் அடுக்கடுக்காகத் தும்மினேன்.

"அலாமா! அக்கா, பேன நிறுத்தட்டுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். முதல் பற்று மின்னும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

திரும்பும் வழியில் சிங்காரம் அண்ணனின் அழைப்பு. இந்தத் தைப்பூசத்துக்கும் காவடி வேலை, கேஸ் வேண்டுமாம். பிறகு, முதல் முறையாக என்னிடம் கேட்டார்.

"சளி எப்படி, தங்கச்சி?"

மூக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் போகலண்ணே" என்றேன்.