உன் மூக்கை நம்பி ஓடியவன்

நீ போய்ச்சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. நேற்று முன்தினம் குன்னூரில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. சொன்னேன். எழுந்து ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நீங்களாச்சும் சொன்னீங்கண்ணா. அவரா இருந்தா வூடே புகைஞ்சாலும் பேப்பர் படிச்சிட்டேதான் இருப்பாருங்க. பத்து வயசுல ஜன்னி கண்டதுக்கப்புறம் அவருக்கு ஒரு வாசமும் தெரியாதுங்களே."

யாருக்கு என்று கேட்டேன். வேறு யாருக்கு, அவருக்குத்தான் என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் இது எனக்குத் தெரியாதா என்று அவருக்கே ஆச்சரியம்.

தெரியாதுடா. எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருஷம் உன் மூக்கை நம்பி இந்த மலை ரோடெல்லாம் ஓடியவன் நான். அந்த மூக்கு வேலை செய்யாத மூக்கு என்று, நீ போனபிறகு, கருகின பருப்பு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அடப்பாவி, அப்புறம் எப்படித்தான் சொன்னாய்? இரண்டு நாளாக இதே யோசனை. கோபமா என்றால் கோபம் இல்லை. எப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. அதனால்தான் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

நாம் இரண்டு பேரும் விளையாட்டு கோட்டாவில் அரசாங்கத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர்கள். நீ எண்ணூறு மீட்டர், நான் பத்தாயிரமும் கிராஸ் கன்ட்ரியும். ஓடுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். ஓடாவிட்டால் புரொபேஷன் முடிகிற அன்றைக்கு மூட்டையைக் கட்டவேண்டியதுதான். எனக்கு இருபத்துமூன்று வயதில், மைதானத்தில், ஐந்தாயிரம் மீட்டர் ஓடி முடித்த கையோடு முதல் வலிப்பு வந்தது. எனக்கு நினைவில் இருப்பது ஒரு வாசம் மட்டும்தான். தேயிலை ஃபேக்டரி டிரையரில் இலை காயும்போது வருமே, கருகலும் இனிப்புமாக, அந்த வாசம். கண் விழித்தபோது வானம் தெரிந்தது. பக்கத்தில் நீ ஒற்றைக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நடந்ததை நீதான் பிற்பாடு சொன்னாய். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடு என்று நாலாபக்கமும் சத்தம். சாவி யாரிடமும் இல்லை, எல்லாரும் அரை டிராயரில் நிற்கிறோம். குண்டெறிகிற நம் ஆள் ஒருவன் இரும்புதானே என்று ஏழு கிலோ குண்டைத் தூக்கிவந்து என் உள்ளங்கையில் வைத்திருக்கிறான். என் கை உதறியதில் அது உருண்டு நேரே உன் பாதத்தில் இறங்கியது. பெருவிரல் நகம் போய், பதினைந்து நாள் நொண்டினாய். வலிப்பு எனக்கு, லீவு உனக்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர அதன்பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை. நீ மட்டும் நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாய்.

கோயமுத்தூரில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனதும் நீதான். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, தனியாகத் தண்ணீரில் இறங்கக்கூடாது. ஓடலாமா என்று கேட்டேன். அடங்கினபிறகு ஓடலாம், கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்றார். அந்த வாசம்கூட வலிப்பின் ஆரம்பம்தான், அது வந்ததும் எங்கே இருந்தாலும் உட்கார்ந்துவிடு என்றார். எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் அந்த வாசம்தான் டாக்டர், எது நிஜம் எது வலிப்பு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். நீ என் கூட ஓடு. வாசம் வந்தால் உன்னைக் கேட்கிறேன். உனக்கும் வந்தால் நிஜம், ஓடலாம். உனக்கு வராவிட்டால் உட்கார்ந்துவிடுகிறேன். பர்லியாறு தாண்டி, வளைவு வளைவாக ஏறி, குன்னூர் ஸ்டாண்டு வருகிறவரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். எண்ணூறு மீட்டர்க்காரனைப் பத்துப் பத்துக் கிலோமீட்டராக இழுக்கிறேனே என்று தயங்குகிறாய் என நினைத்தேன். இறங்கும்போது, "செரி, வாரேன்" என்றாய். மூக்கு இல்லாதவனிடம் மூக்கைக் கேட்டிருக்கிறேன் என்பது இப்போதுதானே தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

மாத்திரையின் அளவு சரியாவதற்குள் இன்னும் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் நீ பக்கத்தில் இருந்தாய். மற்றவர்கள் விலகி நிற்பார்கள். நீ என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பாயாம். அப்புறம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஏதோ எழுதுவாய். எனக்குத் தெளிந்ததும் உன் கேள்விகள் ஆரம்பிக்கும். வாசம் மூக்கில் வந்ததா, தலைக்குள் வந்ததா? கண்ணை மூடினால் போகுமா? ஒரு நாள் கேட்டாய்: "கருகலும் இனிப்பும் ஒண்ணா எப்பிடிடா வரும்? வாசம்னா எப்பிடி இருக்கும், செரியாச் சொல்லு." போலீஸ் விசாரணை மாதிரி குடைகிறாயே என்று சலித்துக்கொண்டேன். நீ என் வலிப்பைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று இப்போது படுகிறது. பத்து வயதோடு உன்னைவிட்டுப் போன ஒன்றை என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாய். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருப்பேனேடா.

ஆறு மாதம் என்னை ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். வலிப்பு வராமல் ஆறு மாதம் போனால் திரும்ப ஓடலாம், கூட ஓடுகிற ஆள் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்று நிபந்தனை. நீ கையெழுத்துப் போட்டாய். அப்படித்தான் தினமும் காலையில் வெலிங்டன் ரோட்டில் நம் ஓட்டம் தொடங்கியது. எப்போதும் நீ என் இடது பக்கம். வாசம் வந்தால் "வருதா?" என்பேன். ஏலத்துக்கு வந்த தேயிலையை முகர்ந்து பார்க்கிறவனைப்போல மூக்கை விடைத்து, நீளமாக இழுப்பாய். "வருது, ஓடு." இல்லையென்றால், "ஒண்ணுமில்ல, உக்காரு." உட்கார்ந்தால் சில சமயம் வாசம் தானே போய்விடும், சில சமயம் கை கால் லேசாக வெட்டும். நீ சொல்லித் தப்பினதில்லை. அந்த மூக்கிழுப்பு அத்தனையும் நடிப்பா? நாடகத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாய்.

ஒரே ஒரு தடவை தப்பியது. தை மாதம், ஊட்டிக்கு மேலே சோலூர்ப் பக்கம் பயிற்சி முகாம். கேரட் வயலெல்லாம் உறைபனி. குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி விரல் பிரியாத கம்பளிக் கையுறை ஒன்றை என் தங்கை பின்னிக் கொடுத்திருந்தாள், அதை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாசம் வந்தது. கேட்டேன். நீ வழக்கம்போல் உடனே சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாய், பிறகு "வருது" என்றாய். பத்தடி போயிருக்கமாட்டேன். தாடையில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் நீ அழுத அழுகை நர்சுக்கே சங்கடமாகிவிட்டது. "என்னாலதான்டா, என்னாலதான்" என்று திரும்பத் திரும்ப. உன் மூக்குக்குச் சளி பிடித்திருக்கும், விடு என்று நான்தான் தேற்றினேன். அன்று சாயங்காலம் என் கையுறையை எடுத்து முகாம் அடுப்பில் போட்டாய். தங்கை பின்னியது. கேட்டால் காரணம் சொல்லவில்லை. குளிர்ந்தால் என் கையைப் பிடித்துக்கொள், இனி இதைப் போடாதே என்றாய். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. பின்னால் எத்தனை பனிக்காலம் விரல் விறைக்க விறைக்க வெறுங்கையோடு ஓடவைத்தாய், நான் உன்னைத் திட்டாத நாளே இல்லை.

மறுபடியும் ஸ்டோர், மறுபடியும் ஆறு மாதம். இந்தத் தடவை ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். அணிக்கு ஆள் எடுக்கிற கிராஸ் கன்ட்ரி ஓட்டம். முதல் ஆறு பேருக்குள் வந்தால் அணி, இல்லாவிட்டால் புரொபேஷனோடு சரி. கூட ஓட உனக்கு அனுமதி இல்லை. எட்டாவது கிலோமீட்டரில், கற்பூர மரங்கள் நிற்கிற அந்த வளைவில், ரோட்டின் இடது ஓரமாக நின்றிருந்தாய். நான் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். வளைவுக்கு முன்னாலேயே வாசம் வந்துவிட்டது. கேட்க மூச்சில்லை, உன்னைப் பார்த்தேன். மூக்கை விடைத்தாய். இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டினாய். உட்கார் என்று.

உட்கார மனசில்லை. மூன்றாவது இடமடா. இரண்டே கிலோமீட்டர். இந்தத் தடவை நீ தப்பாகச் சொல்கிறாய், சோலூரில் தப்பியது போல் இதுவும் தப்பு என்று ஒரு மனம் சொல்லிற்று. என் வேலை, வீட்டின் சோறு, எல்லாம் அந்த இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

தெளிந்தபோது புல்லில் ஒருக்களித்துக் கிடந்தேன். பதினோரு பேர் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னாய். மூச்சும் நிதானமும் திரும்புகிறவரைக்கும் எழவிடவில்லை. அப்புறம் என்னைத் தொடாமல், இடது பக்கமாகவே நடந்து வந்தாய். எல்லைக் கோட்டைக் கடைசி ஆளாக நடந்தே கடந்தேன். விளையாட்டு அதிகாரி காத்துக்கொண்டு நின்றார். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, யாராவது பிடித்து உட்காரவைத்தார்களா என்று. இல்லை, தானாக உட்கார்ந்தான் என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். "எங்கியாவது லாரிக்கடியில விழுந்துருவீங்களோன்னுதாங்க எனக்குப் பயம். தானா உக்காரத் தெரிஞ்ச ஆளை நான் எதுக்கு அனுப்பறேன்?" என்றார். புரொபேஷனை ஒரு வருஷம் நீட்டினார். அடுத்த வருஷம் அணியில் இருந்தேன். அப்புறம் எத்தனை ஊர், எத்தனை ஓட்டம், எல்லாம் உனக்குத் தெரியும்.

சரி, அந்த வளைவில் எப்படித் தெரிந்தது? தேயிலை ஃபேக்டரி புகைபோக்கியைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாய் என்று நேற்று நினைத்தேன். டிரையர் ஓடுகிற நேரமெல்லாம் அந்த நோட்டில் குறித்துவைத்திருப்பாய், கெட்டிக்காரன் நீ. இதுவரை விடியுமுன் எழுதிவைத்துவிட்டு, இன்று காலை பஸ் பிடித்துப்போய் அந்த வளைவிலேயே நின்று பார்த்தேன். மேடு மறைக்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் புகைபோக்கி தெரியவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவரை விசாரித்தேன். அந்தக் காலத்தில் அங்கே தெரிந்ததா என்றால், எந்தக் காலத்திலும் தெரியாது என்று சிரிக்கிறார். ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் முழுக்கதையும் சொல்லிப் புலம்பினேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"புகைக்கூண்டெல்லாம் இல்லீங்க. உங்க எடது கை," என்றாள். "கட்டைவெரல் மத்த வெரலையெல்லாம் ஒண்ணொண்ணாத் தேய்க்கும். வலிப்பு வர்றதுன்னா, நீங்க வாசம்னு சொல்றதுக்கு முந்தியே ஆரம்பிச்சிரும். உங்களுக்கே தெரியாது."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். நோயைச் சொல்லித்தான் அவளைப் பெண் கேட்டோம், ஆனால் இது எனக்கே தெரியாத சங்கதி. கல்யாணமான மூன்றாம் நாள் நீ வந்து சொன்னாயாம். நான் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தாயாம்.

"உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க. தெரிஞ்சா அவன் ரோட்டைப் பாக்கமாட்டாம்மா, கையத்தான் பாத்துட்டிருப்பான், அப்புறம் எங்க ஓடறதுன்னாரு."

அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நீ ஏன் எப்போதும் இடது பக்கம், கையுறைக்குள் விரல் தெரியாமல் ஏன் திணறினாய், ஏன் அப்படி அழுதாய். அதைச் சுமந்துகொண்டே இத்தனை வருஷம் என் திட்டையும் வாங்கியிருக்கிறாய். முப்பது வருஷமாக இவளும் சாப்பாடு போடும்போது, கோயிலில் நிற்கும்போது, பஸ்ஸில் போகும்போது என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பாட்டுக்கு எல்லோரையும்போல நடமாடிக்கொண்டிருந்தேன்.

இந்த மடலை எழுதி முடிப்பதற்குள் இடது கையை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். தாளின் மேல் சும்மாதான் கிடக்கிறது. ஆனாலும் பார்க்கிறேன். நீ சொன்னது சரிதான்டா. இது தெரிந்திருந்தால் நான் ஒரு மைல்கூட ஓடியிருக்கமாட்டேன்.